தேனீ இல்லாத 40 பெட்டிகள்: விவாகரத்தில் நியாயமான பங்கு எது?

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

ஒரு கணவன், ஒரு மனைவி. ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. அவர் சம்பளத்துல ஃபிளாட்டோட இஎம்ஐ போகுது. மளிகை, பால், கரண்ட் பில், குழந்தையோட ஸ்கூல் ஃபீஸ், வீட்டுப் பெரியவங்க மருந்து இதெல்லாம் இவங்க சம்பளத்துல போகுது. ரெண்டு பேரும் மாசம் 40,000 ரூபாய் போடறாங்கன்னு வெச்சுக்குவோம். பத்து வருஷத்துல ஆளுக்கு 48 லட்சம்.

இப்போ பிரியறாங்க. அவர் கையில வீட்டுப் பத்திரம் இருக்கு. இவங்க கையில என்ன இருக்கு? பத்து வருஷ மளிகை ரசீதைக்கூட யாரும் எடுத்து வெச்சிருக்க மாட்டாங்க.

கேள்வி இதுதான்: அந்த ஃபிளாட் யாருடையது? "பத்திரம் யார் பேர்ல இருக்கோ அவருடையது, இதுல என்ன சந்தேகம்?"னு சிலர் சொல்லுவாங்க. "ரெண்டு பேரும் சேர்ந்துதானே குடும்பம் நடத்தினாங்க?"னு சிலர் கேப்பாங்க. இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவுல உலகத்தின் பல நீதிமன்றங்கள் நூறு வருஷத்துக்கு மேல அலைஞ்சிருக்கு. அதுல கனடாவின் கதையைத்தான் நான் இன்னைக்குச் சொல்லப் போறேன். ரெண்டு பெண்கள், ஒரு மாட்டுப் பண்ணை, ஒரு தேனீப் பண்ணை. கடைசியில நம்ம ஊருக்கும் வந்துடுவோம்.

முதல் திருத்தம்: "அவளுடையது அவளுக்கு"

கனடாவுக்குப் போறதுக்கு முன்னாடி இங்கிலாந்துல ஒரு நிமிஷம் நிக்கணும். ஏன்னா கனடாவின் பெரும்பாலான மாகாணங்களுக்குச் சட்டம் அங்கிருந்துதான் போனது.

பழைய ஆங்கிலச் சட்டத்தில் கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் கணவன்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மனைவி சம்பாதிக்கிற காசு அவனுக்குச் சொந்தம். கரோலின் நார்ட்டன் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். கவிதையும் நாவலும் எழுதிப் பிழைத்தவர். 1836இல் கணவனை விட்டுப் பிரிந்தார். ஆனால் பிரிந்த பிறகும் அவர் எழுதிச் சம்பாதித்த பணத்துக்குச் சட்டப்படி உரிமையாளர் அந்தக் கணவன்தான். புத்தகத்தை எழுதியது இவர், அதில் வந்த காசு அவருக்கு.

கரோலின் சும்மா இருக்கவில்லை. துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், விக்டோரியா ராணிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். 1857இல் வந்த விவாகரத்துச் சட்டத்தில், பிரிந்த மனைவி சம்பாதிப்பது அவளுக்கே என்ற பாதுகாப்பு வந்ததற்கு அவருடைய போராட்டமும் ஒரு காரணம். பிறகு 1870இலும் 1882இலும் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டங்கள் வந்தன. அவளுடையது அவளுக்கு, அவனுடையது அவனுக்கு. கனடாவின் மாகாணங்களும் இதே மாதிரிச் சட்டங்களைக் கொண்டு வந்தன.

இது பெரிய வெற்றி, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனா இந்தத் திருத்தத்துக்குள்ளேயே அடுத்த பிரச்சினை ஒளிஞ்சிருந்தது. "அவனுடையது அவனுக்கு" என்றால், எது அவனுடையது? யார் பேரில் இருக்கிறதோ, யார் காசு கொடுத்து வாங்கினாரோ, அவருடையது. சம்பளம் வாங்காமல் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு "அவளுடையது அவளுக்கு" என்றால், பூஜ்ஜியம் அவளுக்கு.

நம்ம தொழில்ல இதை உடனே புரிஞ்சுக்கலாம். ஒரு ப்ராஜெக்ட்ல ரெண்டு பேர் உட்கார்ந்து வேலை பார்த்தாலும், கமிட் எல்லாம் ஒரே ஆளோட லாகின்ல போயிருந்தா, ஹிஸ்டரியைப் பார்க்கிறவருக்கு ஒருத்தர் மட்டும்தான் தெரிவார். பத்திரமும் அப்படித்தான். அது பொய் சொல்லலை. ஆனா நடந்த முழுசையும் அது பதிவு பண்ணலை.

1964இல் இங்கிலாந்து நீதிபதி ஜோசலின் சைமன் ஓர் உரையில் இதை ஒரு பறவைக் கதையாகச் சொன்னார். ஆண் பறவை இறகு தேடிக் கொண்டுவந்து கூட்டை அலங்கரிக்க முடிகிறதே, ஏன்? பெரும்பாலான நேரம் அந்தக் கூட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை, அதனால்தான். கூட்டில் உட்கார்ந்திருந்த பறவையின் உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? அவர் கேட்ட கேள்வியின் சாரம் இது.

ஐரீனின் 25 வருஷம்

இப்போ கனடா. ஆல்பர்ட்டா மாகாணம். மாட்டுப் பண்ணைகளும் மலையடிவாரப் புல்வெளிகளும் உள்ள ஊர்.

ஐரீன் மர்டாக்குக்கு 1943இல் கல்யாணம் ஆனது. சொந்த நிலம் கிடையாது. முதல் சில வருஷங்கள் கணவனும் மனைவியும் ஜோடியாக மற்றவர்களின் பண்ணைகளில் கூலிக்குப் போனார்கள். இருவருக்கும் சேர்த்து மாசம் 100 டாலர். அங்கே வேலை பார்த்த ஆட்களுக்குச் சமைத்துப் போடுவது ஐரீனின் பொறுப்பு. அந்தச் சம்பளம் கணவர் கைக்குப் போனது. 1947இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கத் தொடங்கினார்கள். ஒன்றை விற்று இன்னொன்று, அதை விற்றுப் பெரிதாக ஒன்று என்று பண்ணை வளர்ந்தது. பத்திரங்கள் கணவர் பேரில்.

கணவர் வருஷத்தில் ஏறக்குறைய ஐந்து மாசம் வெளிவேலைக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் பண்ணையை நடத்தியது ஐரீன். நீதிமன்றத்தில் "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டபோது அவர் ஒரு நீண்ட பட்டியல் சொன்னார். புல் அறுப்பது, வாருவது, லாரியும் டிராக்டரும் ஓட்டுவது, குதிரைகளைப் பழக்குவது, மாடுகளை மேய்ச்சல் காட்டுக்கு ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருவது, கொம்பு அறுப்பது, தடுப்பூசி போடுவது, சூடு போட்டு அடையாளம் வைப்பது. ஓர் ஆண் செய்கிற எல்லாவற்றையும் அவரோடு சேர்ந்து வெளியில் நின்று செய்தேன் என்றார்.

1968இல் கல்யாணம் முறிந்தது. சண்டையில் ஐரீனின் தாடை எலும்பு உடைந்தது. பண்ணையில் எனக்குப் பாதிப் பங்கு வேண்டும் என்று அவர் வழக்குப் போட்டார்.

கீழ் நீதிமன்றம் கொடுத்தது மாசம் 200 டாலர் ஜீவனாம்சம். பண்ணையில் பங்கு இல்லை. அவர் செய்ததெல்லாம் எந்தப் பண்ணைக்காரரின் மனைவியும் சாதாரணமாகச் செய்கிற வேலைதான் என்றார் நீதிபதி.

அந்த வாக்கியத்தை நான் முதல் தடவை படிச்சப்போ ஒரு நிமிஷம் நின்னுட்டேன். இதுல இருக்கிற தர்க்கத்தைக் கவனிங்க. ஐரீன் வேலையே செய்யலைன்னு அவர் சொல்லலை. செஞ்சாங்கன்னு ஒத்துக்கறார். ஆனா எல்லாப் பெண்களும் இதைச் செய்யறாங்க, அதனால இதுக்கு மதிப்பில்லைன்னு சொல்றார். ஒரு வேலையை நிறைய பேர் இலவசமா செஞ்சா, அது வேலைங்கிற அந்தஸ்தையே இழந்துடுது.

வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973 அக்டோபர் 2, தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் கீழ் நீதிமன்றம் சொன்னதே சரி என்றார்கள். நிலம் வாங்க அவர் நேரடியாகப் பணம் போட்டதற்கு ஆதாரம் இல்லை, இது இருவருக்கும் பொதுவான சொத்து என்று இருவரும் நினைத்ததற்கும் ஆதாரம் இல்லை, ஆகவே பங்கு இல்லை.

மறுத்தது ஒரே ஒருவர். போரா லாஸ்கின். ஐரீன் செய்தது சாதாரண வீட்டு வேலையைத் தாண்டிய கடும் உழைப்பு, அந்த உழைப்பில்தான் சொத்து வளர்ந்தது, அதைக் கணவர் மட்டும் வைத்துக்கொண்டால் அநியாயமாக லாபம் அடைந்தவர் ஆகிறார் என்று எழுதினார். அதே டிசம்பரில் லாஸ்கின் கனடாவின் தலைமை நீதிபதி ஆனார்.

தோற்ற வழக்கு ஜெயித்தது

இந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகத்துக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. பண்ணை வீடுகளில் இருந்த பெண்கள் இதைப் படித்ததும் அவர்களுக்கு ஒன்று உறைத்தது: ஐரீனுக்கு நடந்தது நாளைக்கு நமக்கும் நடக்கும். ஊர்க் கூட்டங்கள், மனுக்கள், பத்திரிகைக் கடிதங்கள் என்று எதிர்ப்பு பரவியது. பெண்ணிய இயக்கத்தோடு அதுவரை சம்பந்தமே இல்லாத குடும்பங்கள்கூட இதைப் பற்றிப் பேசின. ஏன்னா இது கொள்கை விவாதம் இல்லை. "நான் 25 வருஷம் மாடு மேய்ச்சேனே, அது என்ன?"ங்கிற கேள்வி.

நீதிமன்றமும் மெதுவாகத் திரும்பியது. 1978இல் ராத்வெல் வழக்கு, சஸ்காட்சுவான் மாகாணத்துப் பண்ணைத் தம்பதி. அதில் நீதிபதி பிரையன் டிக்சன் மூன்று கேள்விகளை முன்வைத்தார். ஒருவர் லாபம் அடைந்தாரா? அதற்கு ஈடாக மற்றவர் இழந்தாரா? அந்த லாபத்தை அவர் வைத்துக்கொள்ள சட்டப்படி ஏதாவது காரணம் உண்டா? முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், பத்திரம் யார் பேரில் இருந்தாலும் சொத்தில் மற்றவருக்கும் பாத்தியதை உண்டு.

கேள்வியே மாறிடுச்சு, பார்த்தீங்களா? "யார் பேர்ல இருக்கு?" போயி, "யாரோட உழைப்பு யார் கையில போய்ச் சேர்ந்திருக்கு?" வந்துடுச்சு.

மாகாணச் சட்டமன்றங்களும் ஒவ்வொன்றாகச் சட்டத்தை மாற்றின. ஒன்டாரியோ 1978. ஐரீனின் சொந்த மாகாணமான ஆல்பர்ட்டாவின் புதிய சட்டம் 1979 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரீனுக்கு அந்தச் சட்டம் உதவவில்லை. விவாகரத்து வழக்கில் 1976இல் அவருக்கு மொத்தமாக 65,000 டாலர் கிடைத்தது. ஆனால் அது ஜீவனாம்சக் கணக்கில் வந்த தொகை, பண்ணையின் பங்கு இல்லை. உன் தேவைக்காகக் கொடுக்கிறோம் என்பதும், உன்னுடையதைத் திருப்பித் தருகிறோம் என்பதும் வேறு வேறு. தொகை ஒன்றாகவே இருந்தாலும்கூட.

ரோசாவின் தேனீக்கள்

இரண்டாவது பெண் ரோசா பெக்கர். இந்த எபிசோடின் கனமான பகுதி இது, ஒரு மரணமும் இதில் வருகிறது. முன்கூட்டியே சொல்லிடறேன்.

ரோசாவும் லோதர் பெட்கஸும் 1955இல் மான்ட்ரியலில் சந்தித்தார்கள். இருவரும் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கனடாவில் இறங்கியபோது லோதர் கையில் இருந்தது 17 டாலர். இருவரும் சேர்ந்து வாழ ஆரம்பித்தார்கள், சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏறக்குறைய 20 வருஷம் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள்.

அவர்களுடைய ஏற்பாட்டைக் கவனமா கேளுங்க. வாடகை, சாப்பாடு, துணிமணி எல்லாம் ரோசாவின் சம்பளத்தில். லோதரின் சம்பளம் அவர் பேங்க் கணக்கில். இப்படி ஐந்து வருஷத்தில் அவர் சேர்த்தது 12,000 டாலர். 1961இல் அந்தச் சேமிப்பிலிருந்து 5,000 டாலர் கொடுத்துக் கியூபெக்கில் ஒரு பண்ணை வாங்கினார்கள். பத்திரம் லோதர் பேரில். அங்கே இருவருமாகத் தேனீ வளர்த்தார்கள். பெட்டி தூக்குவது, சட்டம் செய்வது, தேன் எடுப்பது என்று ரோசாவும் முழுநேரமும் உழைத்தார். தொழில் வளர்ந்தது, ஒன்டாரியோவில் மேலும் நிலம் வாங்கினார்கள்.

நான் ஆரம்பத்துல சொன்ன ஃபிளாட் கணக்கு ஞாபகம் இருக்கா? அதே டிசைன்தான். ஒருத்தர் காசு செலவாகிக் கரைஞ்சு போகுது. இன்னொருத்தர் காசு சொத்தா உறைஞ்சு நிக்குது. ஆனா கரைஞ்ச காசு இல்லேன்னா உறைஞ்ச காசு இல்லை. ரோசா வாடகை கட்டினதாலதான் லோதரால 12,000 சேர்க்க முடிஞ்சது.

1974இல் பிரிந்தார்கள். விசாரணை நீதிமன்றம் ரோசாவுக்குக் கொடுத்தது 1,500 டாலரும் 40 தேனீப் பெட்டிகளும். தேனீ இல்லாத பெட்டிகள்.

மேல்முறையீட்டில் ஒன்டாரியோ நீதிமன்றம் இதைத் தள்ளிவிட்டுப் பாதிப் பங்கு என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் பெர்த்தா வில்சன். 1982இல் கனடா உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனவர். லோதர் உச்ச நீதிமன்றம் போனார். 1980 டிசம்பர் 18 அன்று அங்கேயும் ரோசா ஜெயித்தார். நிலத்திலும் தொழிலிலும் பாதி. டிக்சனின் அந்த மூன்று கேள்விகள் இப்போது கனடாவின் பெரும்பாலான மாகாணங்களுக்குச் சட்டமாயின. கனடாவில் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

ஆனால் ரோசாவின் கைக்கு அந்தப் பாதி வந்து சேரவில்லை. லோதர் வருஷக்கணக்கில் இழுத்தடித்தார். கடைசியில் சொத்தை விற்று வந்த பணத்தில் பெரும்பகுதி வக்கீல் செலவுக்கே போனது. 1986 நவம்பரில் ரோசா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இது நீதி அமைப்புக்கு எதிரான தன் எதிர்ப்பு என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இதுக்கு மேல வர்ணனை எதுவும் சேர்க்க எனக்கு விருப்பம் இல்லை. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நியாயமான தீர்ப்பு வேற, நியாயமான செட்டில்மென்ட் வேற. எவ்வளவுன்னு முடிவு பண்றது பாதி வேலை. அது எப்போ, எப்படி, எந்தச் செலவுல கைக்கு வரும்ங்கிறது மீதிப் பாதி.

ஒரு எளிய கழித்தல் கணக்கு

ரோசா இறந்த அதே 1986இல் ஒன்டாரியோவில் புதிய குடும்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்யாணம் செய்தவர்களுக்கு மட்டும்தான், ரோசா மாதிரி சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இல்லை. ஆனால் அதன் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அது சுத்தமான அல்காரிதம்.

கல்யாண நாளில் ஒருவரின் நிகர மதிப்பு என்ன, பிரிந்த நாளில் என்ன? இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். கடன்களையும் கழியுங்கள். வந்தது அவருடைய வளர்ச்சி. மற்றவருக்கும் இதே கணக்கு. வளர்ச்சி அதிகமாக உள்ளவர், வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குத் தர வேண்டும்.

ரூபாயில் சொல்றேன். ஒருவரின் வளர்ச்சி 80 லட்சம், இன்னொருவருடையது 20 லட்சம். வித்தியாசம் 60. அதில் பாதி 30. முதலாமவர் 30 லட்சம் கொடுத்தால் இருவருக்கும் 50, 50.

இதுல ஆண், பெண் என்ற வார்த்தையே வரலை பாருங்க. மனைவி அதிகம் சேர்த்திருந்தால் அவர்தான் கொடுக்க வேண்டும். "ஆறு மாசம் வாழ்ந்துட்டுப் பாதி கேட்டா என்ன பண்றது?"ங்கிற பயத்துக்கும் பெரும்பாலும் பதில் இருக்கு: கணக்கில் வருவது கல்யாணத்துக்குப் பிறகு வளர்ந்தது மட்டும்தான். அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்தும், வெளியார் கொடுத்த பரிசும் பொதுவாகக் கணக்கில் சேராது. ஒரே முக்கிய விதிவிலக்கு, குடும்பம் குடியிருந்த வீடு. அதற்குத் தனி விதி.

இந்தக் கணக்கு எல்லோரையும் திருப்திப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சண்டையின் களத்தை அது சுருக்கிவிடுகிறது. யார் நல்லவர், யார் அதிகம் உழைத்தார் என்று வருஷக்கணக்கில் சாட்சி சொல்லத் தேவையில்லை. எண்களைக் காட்டினால் போதும். ரோசாவுக்கு ஆன வக்கீல் செலவை நினைச்சுப் பார்த்தா, இந்த எளிமை எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும்.

நம்ம ஊர்ல என்ன நிலைமை?

அந்த முதல் திருத்தம் இந்தியாவுக்கும் வந்தது. 1874இல், திருமணமான பெண்கள் சொத்துச் சட்டமாக. டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது "எம்.டபிள்யூ.பி. சட்டத்தின் கீழ் வேண்டுமா?" என்று கேட்கிறார்களே, அதே சட்டம். ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. பிற்பாடு இன்ஷூரன்ஸ் பிரிவு மட்டும் பெரும்பாலோருக்கும் விரிந்தது. இந்துப் பெண்களுக்குத் தனியாக ஸ்திரீதனம் என்ற உரிமை ஏற்கெனவே இருந்தது. அவளுக்குக் கொடுத்தது அவளுக்கு.

அதாவது "அவளுடையது அவளுக்கு" நம்மிடமும் உண்டு. அடுத்த படிதான் இல்லை. 1955 இந்துத் திருமணச் சட்டத்தை எடுத்துக்குங்க. பிரிவு 25 நிரந்தர ஜீவனாம்சம் பற்றியது. கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். வருமானம், சொத்து, நடத்தை எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம் தொகையை முடிவு செய்யும். பிரிவு 27, கல்யாண சமயத்தில் இருவருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட பொருட்களைப் பற்றியது. கல்யாணத்துக்குப் பிறகு குடும்பம் சேர்ந்து உருவாக்கிய சொத்தில் பங்கு என்று ஒரு பிரிவு அதில் கிடையாது. இந்தியாவில் கோவா ஒரு விதிவிலக்கு. போர்ச்சுக்கீசியர் காலத்துச் சிவில் சட்டம் அங்கே தொடர்வதால், வேறு ஒப்பந்தம் செய்யாத தம்பதியின் சொத்து இருவருக்கும் பொது.

மாற்றுவதற்கு ஒரு முயற்சி நடந்தது. கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு கொடுக்க வழிசெய்யும் திருமணச் சட்டத் திருத்த மசோதா, 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறுவதற்குள் 2014 தேர்தல் வந்தது. மசோதா காலாவதியானது.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. 2020 நவம்பரில், ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளுக்கு ஒரு நடைமுறை வகுத்தது. இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ரோசாவின் கதையைக் கேட்டவங்களுக்கு இதன் அருமை புரியும். மறைக்கிறவரோட நேர்மையா செட்டில்மென்ட் பேச முடியாது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. கணவர் பல வருஷம் சவுதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பணத்தில் சொத்து வாங்கினார். எல்லாம் என் காசு என்றார் கணவர். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி லீவே இல்லாமல் பார்த்த வீட்டு வேலையும் அந்தச் சொத்து உருவானதில் ஒரு பங்களிப்பு என்று சொல்லி, அவருக்குச் சம பாதி உரிமை கொடுத்தார். அது விவாகரத்து வழக்கு இல்லை, நாடு முழுக்கப் பொருந்தும் சட்டமும் இல்லை. ஆனாலும் 1973இல் லாஸ்கின் தனி ஆளாக எழுதியதன் எதிரொலி எனக்கு அதில் கேட்டது.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

நான் வக்கீல் இல்லை, இது சட்ட ஆலோசனையும் இல்லை. வரலாற்றைப் படிச்ச ஒரு சாஃப்ட்வேர் ஆளா எனக்குத் தோணுறதைச் சொல்றேன்.

எனக்குத் தெரிஞ்ச நிறைய வீடுகள்ல, ரெண்டு பேரும் நல்லா சம்பாதிக்கிற வீடுகள்லயும், அந்த ரோசா டிசைன்தான் ஓடிட்டிருக்கு. யாரும் சதி பண்ணி அப்படி வைக்கலை. லோன் யாருக்கு ஈஸியா கிடைச்சதோ அவர் பேர்ல வீடு, மீதிச் செலவு மத்தவர் கார்டுல. சந்தோஷமா இருக்கும்போதே இதைப் பேசிடலாம். வீட்டுப் பத்திரத்துல ரெண்டு பேரும் இருக்கலாம். செலவையும் சேமிப்பையும் விகிதம் பிரிச்சு ரெண்டு கணக்குலேர்ந்தும் எடுக்கலாம். யாராவது குழந்தைக்காக வேலையை விட்டா, அந்த வருஷங்கள்ல அவங்க பேர்ல சேமிப்பு நிக்காம ஓடணும். நகை, முதலீடு, கடன் எல்லாம் எங்கெங்க இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

பிரியறதுன்னு முடிவாயிட்டா, பரஸ்பர சம்மத விவாகரத்துக்குப் போறவங்க செட்டில்மென்ட் பேசித்தான் ஆகணும். அங்கே "மாசம் எவ்வளவு இருந்தா சமாளிப்பீங்க?"ங்கிற கேள்வியோட மட்டும் உட்காராதீங்க. "கல்யாண நாள்ல ரெண்டு பேர்கிட்டயும் என்ன இருந்தது, இன்னைக்கு என்ன இருக்கு, நடுவுல வளர்ந்தது எவ்வளவு?"னு கேளுங்க. நம்ம சட்டம் அந்த ஒன்டாரியோ கணக்கைக் கட்டாயமாக்கலை. ஆனா ரெண்டு பேர் மேஜையில உட்கார்ந்து அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்க யாரும் தடுக்கவும் இல்லை. தொகை, தேதி, எந்தக் கணக்குக்கு வரும், வரலைன்னா என்ன நடக்கும், எல்லாத்தையும் எழுத்துல வாங்கிக்குங்க. ரோசா வழக்கை ஜெயிச்சவங்க. அவங்களுக்கு இல்லாம போனது இந்தக் கடைசி வரிகள்தான்.

இந்த வாரம் அவ்வளவுதான். உங்க வீட்ல இஎம்ஐ யார் கணக்குல போகுது, மளிகை யார் கணக்குல போகுதுன்னு ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.